சமையலறை வழியாகப் போன கோடு

சுவரில் ஒரு பெரிய பெருக்கல் குறி. சிவப்பு வண்ணம் இன்னும் காயவில்லை. அடித்த இடத்திலிருந்து கீழே ஒழுகிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தவள் தெருமுனையிலேயே அதைப் பார்த்துவிட்டாள். கண் பார்த்ததை மனம் ஏற்க மறுத்தது. அது நாத்தனார் வீட்டுச் சுவர். அவள் கணவனின் அக்கா வீடு.

நாத்தனார் வாசலில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். உள்ளே அடுப்பில் ஏதோ தீய்ந்து, வாசனை தெருவரை வந்துகொண்டிருந்தது. சாதாரண நாளாக இருந்தால் வெங்காயம் ஒரு சுற்று கூடுதலாகச் சிவந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷி. இன்று அந்த வாசனைகூட மூக்கில் ஏறாமல் சிலையாக நின்றாள்.

"வந்துட்டியா? பாரு. வடிகால் கட்டப் போறாங்களாம். தெரு வழியா இல்ல. என் அடுப்படி வழியா!"

"யார் அண்ணி சொன்னாங்க?"

"அளக்க வந்தவங்கதான். 'மேப்புல இப்படித்தாம்மா இருக்கு, நாங்க என்ன பண்றது'ன்னு சொல்லிட்டு அடிச்சுட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்குள்ள ஒருத்தி உயிரோட இருக்காளேன்னுகூடப் பாக்கல."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அந்த மேப் ஆபீஸ்லதானே இருக்கே? நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் இன்னும் கீழ விழாம நிக்கிறேன். ஏதாச்சும் பண்ணு தாயி."

இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியே வாரக்கணக்காகிறது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, எதிரே வந்தால் செருப்பைப் பார்த்தபடி நடக்கிற அளவுக்கு ஆகியிருந்தது. அந்த நாத்தனார் இன்று தாயி என்கிறாள். அந்தச் சமையலறை இல்லையென்றால் நாத்தனாருக்குச் சோறு இல்லை. தன் கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த அடுப்பில் சமைத்து ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு டப்பா சாப்பாடு கொடுத்துத்தான் மகளைக் கரையேற்றினாள். வீட்டில் மற்ற அறைகள் எல்லாம் சும்மா. அவள் வாழ்ந்தது சமையலறையில்.

"நாளைக்கே பாக்குறேன் அண்ணி. ஏதோ தப்பு நடந்திருக்கு. எங்க ஆபீஸ்ல தப்பு நடக்காது, நடந்தா நான் விடமாட்டேன்."

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லேபிள் அக்கா. காவலாளி முதல் பிரிவுத் தலைவர் வரை அதுதான் பெயர்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே கணினிகளைத் திறந்தால் காடு மாதிரி இருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் சாலை ஒருவர் வரைவார், ஏரி ஒருவர் வரைவார், பள்ளிக்கூடம் ஒருவர் குறிப்பார். வரைந்ததை எல்லாம் அவரவர் வாய்க்கு வந்த பெயரில் சேமிப்பார்கள். 'புதுசு'. 'புதுசு இரண்டு'. 'இதுதான் கடைசி'. 'நிஜமாகவே கடைசி'. 'தொட்டால் கை இருக்காது'. ஒரு சமயம் களத்துக்குப் போன அளவையாளர் போனில் அலறினார்: "அக்கா, நான் நிக்கிற இடத்துல பள்ளிக்கூடம் இருக்குதுன்னு உங்க படம் சொல்லுது. இங்க இடுப்பளவு தண்ணி இருக்கு அக்கா! மீன் படிக்குமா?" ஏரியின் இடத்தைத் திருத்திய 'புதுசு' அலுவலகத்திலேயே இருக்க, திருத்துவதற்கு முந்தைய 'புதுசு' களத்துக்குப் போயிருந்தது.

அன்றைக்குத்தான் அவள் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தாள். எந்தக் கோப்பாக இருந்தாலும் பெயரில் முதலில் திட்டம். அடுத்து வட்டத்தின் எண். அடுத்து அதில் என்ன இருக்கிறது: பாதையா, எல்லையா, கட்டடமா. பிறகு தேதி, அதிலும் ஆண்டு முதலில், மாதம் நடுவில், நாள் கடைசியில். அப்படி எழுதினால்தான் கோப்புகள் காலவரிசைப்படி வரிசையில் நிற்கும். பிறகு வரைந்தவரைக் காட்டும் இரண்டெழுத்து. கடைசியில் நிலை: வரைவு, சரிபார்த்தது, இறுதி. நடுவில் இடைவெளி விடக்கூடாது, கீழ்க்கோடு போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

"குழந்தைக்குப் பேர் வைக்கிறதுக்குக்கூட இவ்வளவு பாக்கமாட்டாங்க அக்கா" என்று முணுமுணுத்தார்கள். அவள் விடவில்லை. தப்பான பெயரில் ஒரு கோப்பைப் பார்த்தால் வரைந்தவரின் மேசைக்கே போய் நிற்பாள். திட்டமாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். அவர் மாற்றி முடிக்கும்வரை நகரமாட்டாள். திட்டினால்கூடத் தாங்கலாம், அந்த நிற்பைத் தாங்க முடியாது என்பார்கள்.

கடைசியில் அலுவலகமே திருந்தியது. அவள் கேட்டுக்கொண்டதன் பேரில் கோப்புகளைச் சேகரிக்கும் ஒரு கணினி நிரலும் எழுதிக் கொடுத்தார்கள். மாலையில் அது தானாக ஓடும். பெயர் சரியாக இருந்து, முடிவில் 'இறுதி' என்று இருக்கும் கோப்புகளைப் பொறுக்கி, உரிய துறைக்கு அனுப்பிவிடும். பெயர் பிசகியவற்றைத் தொடாது. அதிலும் லேபிள் அக்காவின் இரண்டெழுத்து இருந்தால் அந்தக் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "அக்கா பேர் வச்சுட்டாங்களா? அப்ப அது கல்வெட்டு" என்பார்கள்.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் வடிகால் திட்டத்தின் பாதைக் கோப்புகளைத் தேடினாள். நாத்தனார் வீடு இருக்கும் வட்டம். அழகான வரிசை. அதில் ஒன்றைத் திறந்தாள்.

நீலக் கோடு ஒன்று பெரிய கால்வாயில் தொடங்கி, தெருவின் பின்புறமாக வந்து, ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் கூரையை நெருங்கியதும் தேவையே இல்லாமல் திரும்பி, அந்த வீட்டின் பின்பாதிக்குள் நுழைந்து, மறுபுறம் வெளியேறி, அடுத்த கால்வாயில் போய்ச் சேர்ந்தது.

யார் வரைந்தது? எந்தப் படுபாவி?

பெயரைப் பார்த்தாள். திட்டம் சரி. வட்டம் சரி. தேதி, ஆண்டு முதலில், சரி. முடிவில் 'இறுதி'. அதற்கு முன்னால் இரண்டெழுத்து.

அவளுடைய இரண்டெழுத்து.

இல்லை, இருக்காது, யாரோ என் எழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் மனம் தப்பப் பார்த்தது. ஆனால் அந்தக் கோடு திரும்பிய விதம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரவர் கையெழுத்து அவரவருக்குத் தெரியாதா?

நினைவு வந்தது.

உறவுக்காரர்கள் கூடிய ஒரு மதிய விருந்து. யாரோ அவளிடம், ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஆசையாகச் சொல்லத் தொடங்கினாள். கோப்பு, பெயர், வரிசை. பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனார் கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "பேர் வைக்க வீட்டுல ஒண்ணும் பொறக்கல. அதான் ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பேர் வச்சுக்கிட்டு இருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். கணவன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவளும் சிரித்தாள். அதுதான் கொடுமை. அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிய முள்ளாக அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் புதிய வரைபட மென்பொருள் வந்தது. கோடு சரியாக விழுகிறதா, சரியாகச் சேமிக்கிறதா என்று அவளைச் சோதிக்கச் சொன்னார்கள். வரைபடம் கையில் கிடைத்தால் மனிதர்கள் எல்லோரும் முதலில் தேடுவது சொந்த வீட்டைத்தான். அவளும் தேடினாள். சொந்தக் கூரைக்குப் பக்கத்தில் நாத்தனார் வீட்டுக் கூரையின் அந்த நீலத் தொட்டி தெரிந்தது. சும்மா ஒரு வடிகால் கோடு போட்டாள். கை தானாகத் திரும்பியது. அடுப்பு இருக்கும் இடத்தைக் குறிபார்த்து உள்ளே விட்டாள். ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் மண்ணில் பிடிக்காதவர் உருவத்தை வரைந்து மிதிப்பார்களே, அப்படி.

கோட்டை அந்தரத்தில் தொங்கவிட அவளால் முடியாது; தொழில் பழக்கம். இரண்டு முனையையும் நிஜக் கால்வாய்களில் ஒட்டவைத்தாள். அப்போது யாரோ டீக்குக் கூப்பிட்டார்கள். மூடப்போனால் கணினி பெயர் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் 'சும்மா' என்றோ 'கண்றாவி' என்றோ அடித்திருப்பார்கள். நிரல் அதைச் சீண்டியிருக்காது. அவள் விரல்களுக்கு அப்படி ஒரு பெயர் தெரியாது. பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமலே, குறையில்லாத ஒரு பெயரை அடித்தன. கடைசியில் 'இறுதி' என்றும் சேர்த்தன.

டீ குடித்துவிட்டு வந்தவள் அதை மறந்தே போனாள். மாலையில் நிரல் தன் கடமையைச் செய்தது.

பிரிவுத் தலைவருக்கு நிதானம் சார் என்று பெயர். தீப்பிடித்தாலும் முதலில் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுவார். அவள் சொன்னதைக் கேட்டவர் அன்று நாற்காலியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்களா? லேபிள் அக்காவா?"

"நான்தான் சார்."

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. ஆனா யானை நம்ம தலைமேலயே விழுந்தா என்னம்மா பண்றது? வடிகால் துறையில கையெழுத்தே ஆயிடுச்சு."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணலாம். பேருல அந்த இரண்டெழுத்தையும் தேதியையும் மாத்திடுவோம். போன வருஷம் வெளிநாட்டுக்குப் போனாரே, அந்த டிராஃப்ட்ஸ்மேன், அவர் எழுத்தைப் போட்டுடுவோம். பழைய தேதி. அவர் வந்து கேக்கவா போறாரு? அந்த வீட்டுக்காரங்க ஆட்சேபணை குடுக்கட்டும், விசாரிக்கட்டும். நடக்கும்போது நடக்கட்டும். உங்க வேலை தப்பிக்கும், என் தலையும் தப்பிக்கும்."

எத்தனை மேசைகளின் முன்னால் நின்றிருக்கிறாள், சரியான பெயருக்காக! இன்று அவளிடமே பொய்ப் பெயர் வைக்கச் சொல்கிறார்கள். அதைவிட அதிர்ச்சி, ஒரு கணம் 'சரி' என்று சொல்ல நாக்கு எழுந்ததுதான்.

"அவர் எழுத்தைப் போட்டா, 'ஏன் வரைஞ்சீங்க'ன்னு கேட்க ஆள் இருக்காது சார். அதுவரைக்கும் கோடு நிக்கும். விசாரணை முடியறதுக்குள்ள அடுப்படியை இடிச்சிடுவாங்க. வரைஞ்சவளே வந்து 'இது பொய்'னு சொன்னா அந்த இடத்துலயே எடுத்துடலாம்."

"எங்க வந்து?"

"வெள்ளிக்கிழமை ஆட்சேபணைக் கூட்டம் இருக்கே சார்."

"எல்லார் முன்னாலயுமா? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

வீட்டில் கணவனிடம் சொன்னபோது சட்டையின் ஒரு கையை மட்டும் கழற்றிய நிலையில் அப்படியே உறைந்து நின்றான்.

"எங்க அக்கா வீட்டு மேலயா? நீயா?"

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் இந்தக் கோட்டைப் போட்டிருக்க மாட்டேன்."

அவன் மற்றக் கையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "டெஸ்ட்டுன்னு மட்டும் சொல்லு. ஏன்னு சொல்லாத. அக்கா தாங்காது" என்றான்.

தாங்கவேண்டியது யார் என்று அவள் கேட்கவில்லை.

கூட்டம் வடிகால் துறையின் நீளக் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், திரையில் வரைபடம், மேசைக்குப் பின்னால் பெண் பொறியாளர். நாத்தனார் முன்வரிசையில் இருந்தாள். இவளைக் கண்டதும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தாள். "நீ வந்துட்டே, போதும்" என்றாள். அந்த நாற்காலியில் உட்கார அவளுக்குக் கால் மடங்கவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"மேடம், அந்தக் கோட்டை வரைஞ்சது நான். அது நிஜமான பாதை இல்ல. சோதனைக்குப் போட்டது. பேர் சரியா இருந்ததால உங்ககிட்ட வந்துடுச்சு. தயவு செஞ்சு எடுத்துடுங்க."

நாத்தனாரின் மடியிலிருந்து பை நழுவி விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சோதனையா? முனை இரண்டும் கால்வாயில சுத்தமா ஒட்டியிருக்கு. நாங்க அதைப் பாத்து எவ்வளவு நல்ல மாற்றுப்பாதைன்னு பாராட்டினோம்மா! சோதனைக்கு ஊர்ல வேற இடமே கிடைக்கலையா?"

"தெரிஞ்ச இடம் மேடம்."

"அந்த வீட்டுக்காரங்க உங்களுக்கு யாரு?"

"நாத்தனார்."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப அது சோதனை இல்ல மேடம், வேண்டுதல்!" என்றார். கூடமே குலுங்கிச் சிரித்தது.

பொறியாளர் சிரிக்கவில்லை. "விரோதத்துல வரைஞ்சதுன்னா அது வேற விஷயம். உங்க மேல நடவடிக்கை வரும். சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் ஏதாவது பகையா?"

ஒரே ஒரு வாக்கியம். அன்று பந்தியில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் அந்தக் கூடம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்திருக்கும். சிரித்தவர்களே கண் கலங்கியிருப்பார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லால் தான் சிறுத்ததுபோல் இன்னொருத்தி சிறுக்க வேண்டாம் என்று தோன்றியது. அல்லது அதை வாய்விட்டுச் சொல்லத் தனக்கே தெம்பில்லையோ, யார் கண்டது?

"பகை இல்ல மேடம். என் தப்பு."

"இல்ல." நாத்தனார் எழுந்துவிட்டாள். "அவ தப்பு மட்டும் இல்ல. நான் ஒண்ணு சொன்னேன். பந்தியில, எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். எந்தச் சபையிலும், எந்தச் சண்டையிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லாதவள். அன்று திறந்த வாய் திறந்தபடியே நின்றது. முகம் வெளுத்தது. தான் சொன்னது என்ன என்று அப்போதுதான், தன் காதாலேயே, முதல்முறை கேட்கிறவள்போல் இருந்தாள்.

"அதை இன்னொரு தடவை என் வாயால சொல்லமாட்டேன் மேடம். வெட்டிப் போட்டாலும் சொல்லமாட்டேன். நடவடிக்கை கிடவடிக்கை எல்லாம் வேண்டாம். கோட்டை மட்டும் அழிச்சுக் குடுங்க."

கோடு அந்தக் கூட்டத்திலேயே நீக்கப்பட்டது. திரையில் நீலம் மறைந்து கூரை மட்டும் நின்றபோது யாரோ கைதட்டினார்கள், யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

அலுவலகத்தில் தண்டனை வராமல் இல்லை. 'இறுதி' என்று முத்திரை வைக்கும் உரிமை அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. அவள் அதை எதிர்க்கவில்லை; ஒருபடி மேலே போய், வரைந்தவர் யாராக இருந்தாலும் தன் கோப்புக்குத் தானே 'இறுதி' போடக்கூடாது, இன்னொருவர் திறந்து பார்த்துத்தான் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். சோதனைக் கோப்புகளின் பெயர் 'பயிற்சி' என்ற சொல்லோடுதான் தொடங்க வேண்டும், அவை நிரலின் கை எட்டாத தனி இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தாள். இப்போது அவளுடைய கோப்புகளையும் யாரோ திறந்து பார்க்கிறார்கள். முதல் சில நாட்கள் அது உடம்பைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கூசியது.

கூட்டம் முடிந்த மறுநாள் நாத்தனார் ஆளனுப்பவில்லை, போன் செய்யவில்லை. தானே வந்து வாசலில் நின்று, "வா" என்றாள். இவள் பின்னாலேயே போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

நாத்தனார் நேரே சமையலறைக்குள் போனாள். டப்பாக்கள் கழுவி அடுக்கியிருந்தன. அடுப்பு அணைந்திருந்தது.

"காட்டு. எந்தப் பக்கமா விட்டே?"

"வேணாம் அண்ணி..."

"காட்டுன்னா காட்டு. என் வீடு. எனக்குத் தெரியவேணாமா?"

அவள் விரலை நீட்டினாள். ஜன்னலில் தொடங்கி, பாத்திரம் துலக்கும் தொட்டியைக் கடந்து, வளைத்துக் கொண்டுபோய், பின்கதவில் முடித்தாள். நாத்தனாரின் கண்கள் அந்த விரலோடு கூடவே நகர்ந்தன. நடுவில் ஓரிடத்தில் நின்றன.

"அடுப்பு மேலயேவா?"

"ஆமா."

நாத்தனார் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பாமல், அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்:

"அவ்வளவு வலிச்சுதா?"

இவளுக்குப் பந்தியிலும் கூடத்திலும் வராத அழுகை அப்போது வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பக்கத்தில் வந்து, தோளோடு தோள் முட்ட, அவளும் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.